ஈட்டி வாங்க வருபவர்களுக்கு

அன்பான ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

இல்ல விளையாட்டுப் போட்டிகள் நெருங்கிவிட்டதால் கடைக்கு ஈட்டி கேட்டு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். அனேகமானவர்கள் முதலில் முனையைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். “துவக்குச் சன்னம் மாதிரிக் கூராக இருந்தால்தானே காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்?” என்கிறார்கள். அதற்காகவே இந்த மடல்.

துவக்குச் சன்னம் ஒலியை விட வேகமாகப் போவது. அந்த வேகத்தில் முன்னால் எழும் அதிர்ச்சி அலையின் தடையைக் குறைக்கவே அதற்குக் கூர் முனை. ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். சிறந்த வீரரின் கையை விட்டுப் போகும் ஈட்டிக்கோ 30 மீற்றர் அளவுதான். அங்கே முனையின் கூரை விட, காற்றோடு தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதே முக்கியம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சன்னத்தின் பாரம் பின்பக்கம், காற்றின் அழுத்த மையம், அதாவது காற்றின் விசை ஒன்றுசேர்ந்து தாக்கும் இடம், முன்பக்கம். சும்மா விட்டால் தலைகீழாகப் புரளும். அதனால்தான் குழலுக்குள் சுருளாகத் தவாளிப்பு வெட்டி அதைச் சுழலவிடுகிறார்கள். இன்றைய ஈட்டி இதற்கு நேர்மாறு. பாரம் முன்னால், அழுத்த மையம் பின்னால். காற்று வாலைத் தூக்க, முனை தானாகவே நிலம் பார்க்கும்.

முன்பு அப்படி இல்லை. 1984 இல் கிழக்கு பேர்லினில் கிழக்கு ஜேர்மனி வீரர் உவே ஹோன் 104.80 மீற்றர் எறிந்தார். இப்படியே போனால் மைதானம் காணாது என்ற பயம் ஒரு பக்கம். பழைய ஈட்டிகள் படுத்தபடி இறங்கியதால் முனை முதலில் பட்டதா என்ற வாக்குவாதம் மறுபக்கம். 1986 இல் ஆண்கள் ஈட்டியின் புவியீர்ப்பு மையத்தை 4 சென்ரிமீற்றர் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள், எறிதூரம் குறைந்தது. பெண்கள் ஈட்டி 1999 இல் மாறியது. புதிய ஈட்டியில் செக் நாட்டு வீரர் யான் செலெஸ்னி 1996 இல் எறிந்த 98.48 மீற்றர்தான் இன்றும் உலக சாதனை.

சரி, பிள்ளைக்கு எதை வாங்குவது? தண்டில் 50, 60, 70 என்று எழுதியிருந்தால் அது எத்தனை மீற்றர் எறிபவருக்கானது என்பதைக் காட்டும். எண் கூடக் கூடத் தண்டு மெலிந்து விறைப்பாகும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் அது மன்னிக்காது. 35 மீற்றர் எறியும் பிள்ளைக்கு 70 ஐ வாங்கிக் கொடுப்பது வீண்செலவு என்பது எங்கள் உறுதியான எண்ணம். 50 போதும், தடித்த தண்டு, கொஞ்சம் மிதந்து போகும். நிறை 18 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 700 கிராம், பெண்களுக்கு 500. வளர்ந்தவர்களுக்கு 800, 600.

கடற்காற்று எதிரே அடிக்கும் நாட்களில் முனையைச் சற்றுத் தாழ்த்தி எறியப் பழக்குங்கள். உயர்த்திப் பிடித்தால் காற்று ஈட்டியை நிமிர்த்திவிடும்.

தயவுசெய்து முனையை அரத்தால் ராவ வேண்டாம். மைதானத்தில் நிற்பது பிள்ளைகள். வாலில் ரேப் சுற்றுவதும் கூடாது. வாலைச் சொரசொரப்பாக்கிய ஈட்டிகளை 1991 இலேயே தடைசெய்து, அவற்றால் வந்த சாதனைகளையும் நீக்கிவிட்டார்கள்.

பழைய ஈட்டி வீட்டில் இருந்தால் பிடிக்கயிற்றின் கீழ் ஆட்காட்டி விரலைக் கொடுத்து, ஈட்டி சமநிலையில் நிற்கும் இடத்தைப் பாருங்கள். முனையிலிருந்து அந்த இடம் வரை 800 கிராம் ஈட்டியில் 90 முதல் 106 சென்ரிமீற்றரும், 600 கிராம் ஈட்டியில் 80 முதல் 92 சென்ரிமீற்றரும் இருக்க வேண்டும். அப்புறம் சீமெந்துத் தரையில் உருட்டிப் பாருங்கள். துள்ளித் துள்ளி உருண்டால் தண்டு வளைந்திருக்கிறது. சந்தேகமென்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறோம். அதற்குக் காசு இல்லை.

அன்புடன்,
உங்கள் விளையாட்டுப் பொருள் கடையினர்,
மட்டக்களப்பு