கடுகை அளக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுகமளிக்கும் ஜெபக்கூட்டங்கள் நடத்தும் ஊழியர்களுக்கு,

ஸ்தோத்திரம். நான் சபைக்கு வெளியே நின்று கல்லெறிகிறவன் அல்ல. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பித்து வளர்ந்தவன், இன்றும் ஆராதனைக்குப் போகிறவன். வியாதியஸ்தருக்காக ஜெபிப்பதே தவறு என்று சொல்லவும் வரவில்லை. நீங்கள் அடிக்கடி எடுக்கும் ஒரே ஒரு வசனத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

என் அக்கா புற்றுநோயில் படுத்திருந்தபோது ஒரு போதகர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். மூன்றாம் முறை வந்தபோது, சுகம் தாமதிப்பதற்குக் காரணம் விசுவாசக் குறைவு என்று சொல்லி, மத்தேயு 17:20ஐ வாசித்துவிட்டுப் போனார். கடுகுவிதையளவு விசுவாசம் இருந்தால் மலையே பெயரும் என்ற வசனம். அன்று இரவு அக்கா என்னிடம் கேட்டாள்: "கடுகைவிடச் சின்னதா என்னடா இருக்கு? என்கிட்ட அதுகூட இல்லைன்னா சொல்றாரு?" அதற்குப் பிறகு அவள் வலியைப் பற்றிப் பேசியது குறைவு, இந்தக் கணக்கைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

அவள் போன பிறகு அந்த அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்" என்று இயேசு யாரைப் பார்த்துச் சொன்னார்? நோயாளியான பையனைப் பார்த்தா? இல்லை. அவனைக் குணமாக்க முயன்று முடியாமல்போய், "ஏன் எங்களால் கூடாமற்போயிற்று" என்று தனியே வந்து கேட்ட சீஷர்களைப் பார்த்து. அதாவது ஜெபிக்கப் போனவர்களைப் பார்த்து. பையனிடம் விசுவாசம் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. இதே சம்பவம் மாற்கு 9ஆம் அதிகாரத்தில் இன்னும் விரிவாக இருக்கிறது. அங்கே தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுகிறான். பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம், அதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறான். பிள்ளை சுகமாகிறான்.

யாக்கோபு 5ஆம் அதிகாரமும் அப்படியே. வியாதிப்பட்டவன் சபையின் மூப்பரை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும், "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்". அந்த இடத்தில் ஜெபிக்கிறவர்கள் மூப்பர்கள். எழுத்தின்படியே வாசிப்போம் என்கிறீர்களே, வாசியுங்கள். எழுத்தின்படி வாசித்தால் அந்தக் கடுகு உங்கள் கையில் அல்லவா இருக்க வேண்டும்?

உண்மையில் நீங்கள் எல்லா வசனத்தையும் எழுத்தின்படி வாசிப்பதில்லை. "உன் வலதுகண் உனக்கு இடறலுண்டாக்கினால் அதைப் பிடுங்கி எறிந்துபோடு" என்றால் அது உருவகம். ஐசுவரியவானான வாலிபனிடம் எல்லாவற்றையும் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றது அவனுக்கு மட்டுமான வார்த்தை. ஆனால் கடுகும் மலையும் வந்தால் மட்டும் ஒரு எழுத்தும் பிசகாது. நமக்குச் செலவு வைக்கும் வசனம் உருவகம், படுக்கையில் கிடப்பவருக்குச் செலவு வைக்கும் வசனம் அப்படியே உண்மை. இந்தப் பிரிவினைக்கு வேதத்தில் ஆதாரம் எங்கே?

மத்தேயுவில் பெயர்வது மலை. லூக்கா 17இல் அதே கடுகோடு வருவது காட்டத்தி மரம், அது வேரோடு பிடுங்கிக் கடலில் நடப்படுகிறது. கடலில் மரம் நட்டு என்ன செய்வது? அந்தப் பேச்சு எதற்கு விடையாக வந்தது என்று பார்த்தால்தான் புரியும். ஒரே நாளில் ஏழுதரம் குற்றம் செய்கிறவனையும் மன்னிக்கச் சொல்கிறார் இயேசு. அதைக் கேட்டு மலைத்துப்போன சீஷர்கள், விசுவாசத்தைக் கூட்டித் தாரும் என்கிறார்கள். வேரோடு பிடுங்க வேண்டிய மரம் எதுவென்று மன்னிக்க முயன்ற யாருக்கும் தெரியும். மலையைப் பெயர்ப்பது என்பதும் யூதர்களிடையே வழங்கிவந்த பேச்சுதான். சிக்கலான கேள்விகளைத் தீர்க்கும் அறிஞரை "மலைகளைப் பிடுங்குகிறவர்" என்று யூதர்களின் போதனைத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுங்கள், பேதுருவோ பவுலோ ஒரு குன்றைக்கூட நகர்த்தவில்லை.

உருவகம் என்றால் வேதத்தைப் பொய்யாக்குவது என்று சிலர் பயப்படுகிறீர்கள். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இறையியல் அறிஞர் தாமஸ் அக்வினாஸ் இதற்கு எளிதாக விடை சொன்னார்: வேதம் தேவனுடைய கரம் என்று சொல்லும்போது தேவனுக்குக் கை இருக்கிறது என்பது அதன் நேர்ப்பொருள் அல்ல, அந்தக் கை குறிக்கும் வல்லமைதான் நேர்ப்பொருள். சொன்னவர் எதைச் சொல்ல நினைத்தாரோ அதுவே எழுத்தின் பொருள். இயேசுவும் இப்படித்தான் பேசினார். மறுபடியும் பிறக்க வேண்டும் என்றதும், தாயின் வயிற்றுக்குள் திரும்பப் போவது எப்படி என்று கேட்டவர் நிக்கொதேமு. பரிசேயரின் புளித்தமாவைக் குறித்து எச்சரித்தால், அப்பம் கொண்டுவராததைச் சொல்கிறார் என்று நினைத்தவர்கள் சீஷர்கள். சுவிசேஷங்களில் எழுத்தைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் பெரும்பாலும் விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். தேவாலயத்து உப்பரிகையில் நின்று, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், குதியும் என்று 91ஆம் சங்கீதத்தை எழுத்தின்படியே எடுத்துக்காட்டியது பிசாசு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்தை அப்படியே எடுத்தவர்களின் கதை சபைச் சரித்திரத்தில் உண்டு. பரலோகராஜ்யத்துக்காகத் தங்களை அண்ணகராக்கிக்கொண்டவர்கள் உண்டு என்ற மத்தேயு 19:12ஐ வாசித்து, ஆதிசபையின் வேத அறிஞர் ஓரிகன் இளமையில் தன்னையே அண்ணகனாக்கிக்கொண்டார் (ஆண்மையை அறுத்துக்கொண்டார்) என்று சபைச் சரித்திர ஆசிரியர் யூசேபியஸ் எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் அதே வசனத்துக்கு விளக்கம் எழுதிய ஓரிகன், அதை எழுத்தின்படி எடுப்பது தவறு என்றார். அங்கே காயம் வாசித்தவர் உடம்போடு நின்றது. எல்லா இடத்திலும் அப்படி நிற்பதில்லை. அமெரிக்காவில் 1975 முதல் 1995 வரை, மதநம்பிக்கையால் மருத்துவம் மறுக்கப்பட்டு இறந்த 172 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்த கட்டுரை 1998இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அவர்களில் 140 பேருக்கு வந்தவை, சிகிச்சை கிடைத்திருந்தால் 90 சதவீதத்துக்கு மேல் பிழைக்கக்கூடிய நோய்கள். அந்தக் குழந்தைகளிடம் போய் எந்தக் கடுகை அளப்பது?

பவுலுக்கே மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன தீராத வேதனை இருந்தது. மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்" என்பது. அவருடைய உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறது, விசுவாசம் போதாது என்று எழுதவில்லை. கூட வந்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று 2 தீமோத்தேயுவில் ஒரே வரி. அதில் குற்றச்சாட்டும் இல்லை, காரணமும் இல்லை. இந்த வரியை வைத்து யாராவது பிரசங்கம் செய்து நான் கேட்டதே இல்லை.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் அல்ல. அடுத்த கூட்டத்தில் மாற்கு 9ஐ 14ஆம் வசனத்திலிருந்து 29ஆம் வசனம் வரை முழுதாக வாசியுங்கள், நடுவில் நிறுத்தாமல். நோயாளியின் வீட்டுக்குப் போனால் முதலில் மருந்து சாப்பிட்டாயிற்றா என்று கேளுங்கள். சுகம் வராவிட்டால், வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அக்காவின் கட்டிலருகே ஒரு நாற்காலி இருந்தது. மூன்று முறை வந்தவர் ஒரு தடவையும் அதில் உட்காரவில்லை.

இப்படிக்கு,
சபையின் பின்வரிசையிலிருந்து ஒரு விசுவாசி