கடைசிக் காட்சியை வெட்டுவது யார்? கதிருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிர்,

உங்கள் ஃபிலிம் சொசைட்டியில் ஆறு வாரத் திரையிடலுக்கு நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஒரு பக்கம் சூப்பர் ஹீரோ படங்கள், மறுபக்கம் பெர்க்மன், அந்தோனியோனி, பேலா தார் என்று ஐரோப்பிய இயக்குநர்களின் படங்கள். இதை வைத்துக்கொண்டு 'ஹாலிவுட்டா, ஐரோப்பாவா' என்று கேட்டால் விவாதம் தொடங்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும். ஒரு பக்கம் கடைக்கு வந்த மொத்தச் சரக்கு, மறுபக்கம் ஐம்பது வருடம் விழாக்களில் சலித்தெடுத்தது. ஒப்பீடே தப்பு.

ஐரோப்பாவிலும் கூட்டம் கூட்டமாகப் பார்க்கும் படங்கள் உண்டு. 2008-ல் வந்த 'பியாங்வெனு ஷே லெ ஷ்தி' என்ற நகைச்சுவைப் படத்துக்கு பிரான்சில் மட்டும் இரண்டு கோடி டிக்கெட்டுக்கு மேல் விற்றது. 2011-ல் வந்த 'ஆன்தூஷாபிள்' அதை ஏறக்குறைய எட்டிப் பிடித்தது. நாகார்ஜுனாவும் கார்த்தியும் நடித்த 'தோழா' (2016) இந்த இரண்டாவது படத்தின் ரீமேக்தான். நாம் 'ஐரோப்பிய சினிமா' என்று சொல்லும்போது இவை யாருக்கும் நினைவு வருவதில்லை.

ஆகவே பட்டியலைக் கலைத்துவிடு. ஒரே கதை ஐரோப்பாவில் ஒரு முறை, ஹாலிவுட்டில் ஒரு முறை எடுக்கப்பட்ட ஜோடிகளாகப் போடு. ரீமேக் பார்த்துப் பழகிய நம் ஆட்களுக்கு இந்த விளையாட்டு உடனே பிடிபடும். கதை ஒன்றாகவே இருக்கும்போது எது மாறியது, யாருக்காக மாறியது என்று விரல் வைத்துக் காட்டலாம். மூன்று ஜோடி போதும்.

முதல் ஜோடி 'ஸ்போர்லோஸ்' (1988). டிம் கிராபேயின் குறுநாவலிலிருந்து, நெதர்லாந்தும் பிரான்சும் சேர்ந்து எடுத்த படம். இதையே அமெரிக்காவில் 'தி வேனிஷிங்' (1993) என்று எடுத்தார்கள். இரண்டையும் இயக்கியவர் ஒருவரே, ஜார்ஜ் ஸ்லாய்சர். அதனால் 'அந்த இயக்குநருக்கு ரசனை இல்லை' என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது. முடிவைச் சொல்லாமல் இந்த ஜோடியைப் பேச முடியாது, பொறுத்துக்கொள்.

பிரான்சில் நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் நிலையம் ஒன்றில் இறங்கிய ஒரு பெண் காணாமல் போகிறாள். மூன்று வருடம் கழித்தும் அவள் காதலன் தேடுகிறான். கடத்தியவன் யார் என்பதைப் படம் சீக்கிரமே காட்டிவிடுகிறது. அவன் ஒரு வேதியியல் ஆசிரியன், மனைவி மக்களோடு வாழ்பவன். மயக்க மருந்து எத்தனை நிமிடம் வேலை செய்யும், அப்போது தன் நாடித்துடிப்பு எவ்வளவு என்றெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு ஒத்திகை பார்க்கிறான். கடைசியில் காதலனிடம் சொல்கிறான்: அவளுக்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் இந்தக் காப்பியைக் குடி. அவன் குடிக்கிறான். கண் விழிக்கும்போது மண்ணுக்கடியில், சவப்பெட்டிக்குள் கிடக்கிறான். அவ்வளவுதான் படம்.

அமெரிக்கப் படத்தில் அவன் காப்பாற்றப்படுகிறான், வில்லன் சாகிறான். இதைச் சொல்லி எல்லோரும் சிரித்துவிட்டுப் போவார்கள். நீ அங்கே நிறுத்தாதே. முடிவை மாற்றியதால் பின்னோக்கி எதையெல்லாம் மாற்ற வேண்டி வந்தது என்று பார். காப்பாற்ற ஒரு ஆள் வேண்டும். மூலப்படத்தில் நாயகனின் புதிய காதலிக்குச் சில காட்சிகள்தான். அவன் வெறியைத் தாங்க முடியாமல் விலகிப் போய்விடுவாள். ரீமேக்கில் அதே பாத்திரம் துப்பறிந்து வந்து சேர வேண்டும். அதற்கு அவளுக்குக் குணம், கோபம், பிடிவாதம், கூடுதல் காட்சிகள் எல்லாம் தேவை. அவளுக்குப் போன நிமிடங்கள் வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும். வந்த இடம், 'தெரிந்துகொள்ள வேண்டும்' என்ற அரிப்பு ஒரு மனிதனைத் தின்னும் பகுதி. அதைக் குறைத்ததும் அவன் அந்தக் காப்பியைக் குடிப்பதற்கான காரணமே மெலிந்துவிடுகிறது. க்ளைமாக்ஸில் கை வைத்தால் முதல் பாதியின் எலும்பு முறியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரே ஆள் இப்படி இரண்டு விதமாக முடித்ததைப் புரிந்துகொள்ள, கத்தரி யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்க ஸ்டுடியோ படத்தில் சட்டப்படி ஆசிரியர் ஸ்டுடியோதான். இயக்குநர் சம்பளத்துக்கு வேலை செய்து கொடுத்தவர். இயக்குநர் சங்கத்தின் ஒப்பந்தப்படி தன் எடிட்டைச் செய்து காட்ட அவருக்குப் பொதுவாகப் பத்து வாரம் கிடைக்கும். அதன்பின் தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் கடைசிச் சொல் அவருடையதல்ல. அடுத்து முன்னோட்டத் திரையிடல். படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களைக் கூட்டி வந்து காட்டி, கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். மிக அருமை என்பதிலிருந்து மோசம் வரை ஐந்து கட்டங்கள். மேல் இரண்டு கட்டங்களில் எத்தனை சதவீதம் விழுந்தது, 'நண்பர்களிடம் நிச்சயம் பார்க்கச் சொல்வேன்' என்றவர்கள் எத்தனை சதவீதம், இந்த இரண்டு எண்களுக்குத்தான் மதிப்பு. 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' (1987) முதலில் முடிந்தது வேறு மாதிரி: அந்தப் பெண் தற்கொலை செய்துகொள்ள, பழி நாயகன்மேல் விழும். முன்னோட்டத்தில் அது எடுபடவில்லை. குளியலறைச் சண்டையைப் புதிதாக எடுத்து ஒட்டினார்கள், படமும் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதனால் அந்தத் தாளைக் கேலி செய்யாதே. அறையில் இருக்கும் கூட்டம் என்ன கேட்கிறது என்பதை அது சரியாகவே சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒரு படம் கூட்டத்துக்கு எதிராக முடிய வேண்டியிருந்தால் அதைச் சொல்ல அந்தத் தாளில் கட்டம் இல்லை.

பிரான்சில் நிலைமை தலைகீழ். இயக்குநரும் தயாரிப்பாளரும் ஒப்புக்கொண்டால்தான் இறுதிப் பிரதி. பிறகு ஒருவர் மட்டும் அதை மாற்ற முடியாது. படைப்பாளியின் இந்த உரிமையை விற்கவும் முடியாது, வாரிசுகளுக்குத்தான் போகும். வேடிக்கை, இதனால் பயனடைந்தவர்களில் அமெரிக்கரும் உண்டு. ஜான் ஹூஸ்டன் 1950-ல் கறுப்பு வெள்ளையில் எடுத்த 'தி அஸ்பால்ட் ஜங்கிள்' படத்துக்குச் சாயம் பூசி ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் காட்டப் பார்த்தார்கள். அவர் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. சொந்த நாட்டுச் சட்டத்தில் ஆசிரியராக இல்லாதவர் பாரிஸில் ஆசிரியரானார்.

பணமும் அப்படித்தான். பிரான்சில் விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் வரியாகப் பிடித்து, 1946-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட மையத்துக்குப் போகிறது. அங்கிருந்து அடுத்த படங்களுக்குத் திரும்புகிறது. ஹாலிவுட் படத்தின் டிக்கெட்டுக்கும் இதே வரிதான், அதாவது பாரிஸில் பேட்மேன் பார்ப்பவர் தெரியாமலே யாரோ ஒரு அறிமுக இயக்குநருக்குச் சில்லறை போடுகிறார். இதன் மறுபக்கத்தையும் சொல். டிக்கெட் விற்கும் முன்பே செலவின் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டால், முதல் இருபது நிமிடத்தில் பார்ப்பவனைப் பிடித்து உட்கார வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று நாட்டு நிதியை வாங்கியதற்காக மூன்று நாட்டு நடிகர்களைத் திணித்த படங்களை அவர்களே 'யூரோபுட்டிங்' என்று திட்டுவார்கள். சோம்பலான ஐரோப்பியப் படத்தை 'ஆழம்' என்று யாராவது கூட்டத்தில் பாராட்டினால், நீ தயங்காமல் மறுக்கலாம்.

இரண்டாவது ஜோடி 'இன்சோம்னியா'. நார்வேப் படம் 1997, எரிக் ஷோல்ட்பியார் இயக்கி ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்ட் நடித்தது. அமெரிக்கப் படம் 2002, கிறிஸ்டோபர் நோலன் இயக்கி அல் பசீனோ நடித்தது. சூரியன் மறையாத ஊர், மூடுபனியில் தவறித் தன் சகாவையே சுட்டுவிடும் போலீஸ் அதிகாரி. நோலனின் படம் நார்வேப் படத்தைவிடச் சுமார் இருபது நிமிடம் கூடுதல். அந்த நிமிடங்களில் பெரும்பகுதி காரணம் சொல்லப் போகிறது. இறந்த சகா, உள்விசாரணையில் இவருக்கு எதிராகப் பேசவிருந்தவர். இவர் முன்பு ஒரு வழக்கில் சாட்சியத்தைப் புனைந்தவர். அப்படியானால் அது உண்மையிலேயே விபத்தா என்ற சந்தேகம் வருகிறது, குற்ற உணர்வுக்கு ஒரு வரலாறு வருகிறது. நார்வேப் படத்தில் இந்த முன்கதை எதுவும் கிடையாது. ஒரு பொய், அதை மறைக்க இன்னொரு பொய், அவ்வளவே.

ஒரே ஒரு காட்சியை மட்டும் அருகருகே வைத்துக் காட்டு. சகாவைத் துளைத்த தோட்டாவுக்குப் பதில் வேறொன்றை வைக்க வேண்டும்; அதைச் சுட்டு எடுக்க அதிகாரிக்கு ஒரு உடல் தேவை. ஸ்கார்ஸ்கார்ட் உயிருள்ள தெருநாயைச் சுடுகிறார். பசீனோ சுடுவது ஏற்கெனவே செத்துக் கிடக்கும் நாயை. நாயகன்மேல் பார்வையாளருக்கு எவ்வளவு வெறுப்பு வரலாம் என்பதற்கு ஒரு ஸ்டுடியோ வைக்கும் வரம்பு அந்த ஒரு நாயில் அடங்கிவிடுகிறது. முடிவும் அதே கணக்குத்தான். பசீனோ செத்துக் கணக்குத் தீர்க்கிறார், ஸ்கார்ஸ்கார்ட் தப்பித்துக் காரோட்டிப் போகிறார். ஆனாலும் நோலனின் படத்தை மட்டம் தட்டாதே. தூக்கமில்லாத முகத்தைப் பசீனோ கொண்டுவந்த விதத்துக்காகவே அது நிற்கும்.

மூன்றாவது 'ஃபன்னி கேம்ஸ்', 1997-ல் ஆஸ்திரியாவில், 2007-ல் ஆங்கிலத்தில். இயக்குநர் இரண்டுக்கும் மைக்கேல் ஹானெகே. ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அதே படம், முடிவும் அதே. மற்ற இரண்டு ஜோடிகளுக்கும் இது உரைகல். மொழியும் நடிகர்களும் மட்டும் மாறினால் எவ்வளவு மாறும் என்பது இதில் தெரியும். வன்முறை இருக்கிறது, முன்கூட்டிச் சொல்லிவிடு.

விவாதத்தில் 'ஹாலிவுட் வேகம், ஐரோப்பா மெதுவு' என்று யாராவது ஆரம்பித்தால் எண்ணச் சொல். ஒரே காட்சியை இரண்டு படத்திலும் எடுத்து, வெட்டு விழும்போதெல்லாம் ஒரு கோடு போட வேண்டும். 600 வினாடியில் 150 ஷாட் என்றால் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் 4 வினாடி, 60 என்றால் 10. சண்டைக் காட்சியையும் பேச்சுக் காட்சியையும் ஒப்பிட்டால் எண் பொய் சொல்லும். திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல்லின் கணக்குப்படி 1930 முதல் 1960 வரை ஹாலிவுட்டின் சராசரியே 8 முதல் 11 வினாடி. 3 முதல் 6-க்கு இறங்கியது நூற்றாண்டின் கடைசியில்தான். வேகம் அமெரிக்க ரத்தத்தில் இருப்பதல்ல. பேலா தார் 145 நிமிடப் படத்தை 39 ஷாட்டில் முடித்திருக்கிறார், அது ஐரோப்பாவிலும் விதிவிலக்கு. எண்ணுவதோடு, வெட்டு பேசுபவர்மேல் விழுகிறதா, கேட்பவர்மேல் விழுகிறதா என்றும் குறிக்கச் சொல். ஒரு காட்சியை முழுதாக, தோளுக்குப் பின்னாலிருந்து, முகம் முகமாக என்று ஐந்து கோணத்தில் எடுத்து வைத்தால் எடிட்டிங் மேஜையில் யாரும் அதை மாற்றலாம். வெட்டே இல்லாமல் ஒரு நீண்ட ஷாட்டாக எடுத்தால் மாற்ற ஒன்றும் இல்லை. ஹாலிவுட்டிலேயே ஜான் ஃபோர்ட் தேவைக்கு மேல் எடுக்காமல் விட்டு ஸ்டுடியோவின் கையைக் கட்டினார்.

இனி கருவி. ஐரோப்பிய டிவிடிகள் வினாடிக்கு 25 சட்டத்தில் (ஃப்ரேமில்) ஓடும், படமோ 24-ல் எடுத்தது. அதனால் 107 நிமிட 'ஸ்போர்லோஸ்' 103 நிமிடத்துக்குள் முடியும், குரலும் சற்று ஏறியிருக்கும். ஷாட் எண்ணும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள். 25-க்குத் தயாரித்த சப்டைட்டில் கோப்பை 24-ல் ஓடும் படத்தோடு போட்டால் ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகும். ஆரம்பத்தில் தள்ளிச் சரிசெய்தாலும் திரும்ப விலகும். சப்டைட்டில் மென்பொருளில் சட்ட வேகத்தையே மாற்ற வேண்டும். புரொஜெக்டரில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடு. படச் சட்டத்தை இழுத்துத் திரை முழுதும் நிரப்பாதே. பல ஐரோப்பியப் படங்களின் அகலம் உயரத்தைப் போல 1.66 மடங்கு, அமெரிக்க 1.85 அளவுக்கு வெட்டினால் தலை போகும்.

வரிசை: 'ஸ்போர்லோஸ்' ஜோடியில் மூலம் முதலில், இல்லாவிட்டால் அந்த இருட்டுப் பெட்டி யாரையும் அசைக்காது. 'இன்சோம்னியா'வில் நோலனை முதலில் போடு; காரணங்களுக்குப் பழகியவர்களுக்கு நார்வேப் படத்தின் மௌனம் உறைக்கும். எதற்கும் நடுவில் இடைவேளை விடாதே. இந்தப் படங்களில் அதற்கென்று கட்டிய திருப்பம் கிடையாது, விளக்குப் போட்டால் இறுக்கம் அவிழ்ந்துவிடும். டீயை முன்னாடியே கொடுத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்