பனிமலை வெயிலைப் பற்றி அம்மாவுக்கு

செர்மாட், சுவிற்சர்லாந்து
சித்திரை 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். சென்ற வாரம் அனுப்பிய படத்தில் என் கன்னமும் மூக்கும் தோலுரிந்து, கண்ணைச் சுற்றி மட்டும் வெளிறியிருப்பதைக் கண்டு, குளிர் நாட்டில் வெயில் எப்படிச் சுடும் என்று கேட்டிருந்தீர்கள்.

இங்கே குளிர்தான் ஆளை ஏமாற்றுகிறது. எங்கள் ஹோட்டல் ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஓய்வு நாளில் சறுக்கப் போகும்போது, தொங்குவண்டி எங்களை 3,883 மீற்றர் உயரத்துப் பனியாற்றருகே இறக்கிவிடும். ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் ஏறும்போதும், வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் தோலைச் சுடும் புறஊதாக் கதிர் பத்து வீதமளவில் கூடுகிறது. நம் கசூரினாக் கடற்கரையைப் போன்ற உலர்ந்த மணல் அக்கதிரில் ஏறத்தாழ 15 வீதத்தைத் திருப்பி அடிக்குமென்றால், புதிதாக விழுந்த பனியோ 80 வீதம் வரை திருப்பி அடிக்கிறது. அதனால் நாடியின் அடியும் மூக்குத் துவாரத்தின் ஓரமும்கூடக் கருகிவிடுகின்றன. சில்லென்ற காற்றில் சுடுவதே தெரிவதில்லை.

உங்களிடம் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் ஒருநாள், மெல்லிய முகில் மூடியிருக்கிறதே என்று வெயில் கண்ணாடி இல்லாமல் மத்தியானம் முழுவதும் மலையில் நின்றேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. இரவு குசினியில் வேலை செய்யும்போது கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் எரிந்து, கண்ணீர் வழிந்து, விளக்கை நிமிர்ந்து பார்க்கவே முடியாமற் போயிற்று. கருவிழியின் மேற்பரப்பு கதிரில் வெந்துவிட்டது என்றார் மருத்துவர். இரண்டு நாள் இருட்டறையில் படுத்திருந்த பிறகு குணமாயிற்று.

அதன் பின் நான் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. படத்தில் நீங்கள் கண்ட வெளிறல் அதனால் வந்ததுதான். கன்னம் உரிந்தது காலையில் பூசிய சன்கிறீமோடு நிறுத்திக்கொண்டதால். வியர்வையும் கழுத்துத் துணியின் உரசலும் அதை அழித்துவிடும் என்பதால், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். இவ்வூர் முதியவர்கள் இதில் மிகவும் கவனமானவர்கள். இருக்கைவண்டியில் மேலே போகும்போதே கையுறையைக் கழற்றி, உதட்டுக்கும் காது மடலுக்கும் பூசிக்கொள்வார்கள். இளைஞர்களோ மதியச் சாப்பாட்டுக்கு வெளியே அமர்ந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம்மவர் சிலர், நம் நிறத்தை வெயில் என்ன செய்யும் என்கிறார்கள். நிறம் தோலை ஓரளவு காக்கும் என்பது உண்மைதான். ஆனால் கண்ணைக் காக்காது, அம்மா.

பேர்னிலிருந்து சித்தப்பா குடும்பம் அடுத்த கிழமை வருகிறது. பிள்ளைகள் இருவருக்கும் பக்கமும் மூடிய கண்ணாடி வாங்கி வைத்துவிட்டேன்.

உங்கள் அன்பு மகன்