செம்பனைக் காட்டில் பன்றி சுடுவோருக்கும் அவர்களை உள்ளே விடும் நிர்வாகங்களுக்கும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் காட்டுப் பன்றி சுட வரும் துப்பாக்கி உரிமக்காரர்களுக்கும், அவர்களுக்குக் கேட்டைத் திறந்துவிடும் நிர்வாகங்களுக்கும் வணக்கம்.

"ஆளைக் கொல்லணும்னு யாராவது சுடுவாங்களா? எண்ணமே இல்லாதப்போ என்ன குற்றம்?" என்ற பேச்சை இனி விட்டுவிடுங்கள். மலேசியத் தண்டனைச் சட்டம் எண்ணத்தை மட்டும் பார்ப்பதில்லை. உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, எவ்வளவு கவனம் எடுத்தீர்கள் என்றும் கேட்கிறது.

299ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோழியைத் திருடச் சுட்டவனின் குண்டு புதருக்குப் பின்னால் இருந்தவரைக் கொன்றுவிடுகிறது. அங்கே ஆள் இருப்பது அவனுக்குத் தெரியாது. அதனால் அது அந்தப் பிரிவின்படி கொலைக்குற்றம் ஆகாது. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு தப்ப முடியாது. கவனக்குறைவால் உயிர் போனால் 304ஏ பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. விபத்துக்கு விலக்கு தரும் 80ஆம் பிரிவும், உரிய கவனத்தோடு செய்தவரைத்தான் காக்கும். சாவு நேரலாம் என்று தெரிந்தே சுட்டிருந்தால், கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் 304ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை போகலாம். செம்பனைக் குலை திருட வந்தவனுக்கு 'சும்மா பயம் காட்ட' சுடுவதும் இதே கணக்குதான். யார்மேலும் படாவிட்டாலும், உயிருக்கு ஆபத்து உண்டாக்கியதற்கு 336ஆம் பிரிவு இருக்கிறது.

உதிரிப்பழம் பொறுக்கும் அம்மா குந்தியிருக்கும் உயரமும் பன்றியின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. வெட்டிப் போட்ட மட்டைகளின் அடுக்குக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் தெரிவது அசைகிற ஒரு கறுப்பு, அவ்வளவுதான். 12 போர் துப்பாக்கிக்கான எஸ்ஜி என்ற பெருங்குண்டுத் தோட்டா ஒன்றில் 9 குண்டுகள். சோக் (குழல்முனைக் குறுக்கம்) இல்லாத குழலில் 30 மீட்டர் தூரத்தில் அவை முக்கால் மீட்டருக்கு மேல் விரிந்துவிடும். பன்றிமேல் படாதவை நிரையோடு போய்க்கொண்டே இருக்கும். அடுத்த நிரையில் யார் நிற்கிறார் என்று அவற்றுக்குத் தெரியாது.

ஆகவே, காலைப் பெரட்டிலேயே (ஆள் கணக்கெடுப்பிலேயே) எந்தக் காட்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) எழுதிக் கொடுக்கட்டும். சுட வருபவர் நேரம் போட்டுக் கையெழுத்திடட்டும். "அந்தத் தாள் நாளைக்கு எங்களுக்கே எதிராகத் திரும்புமே" என்று நிர்வாகங்கள் தயங்கலாம். திரும்பும். தெரிந்திருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அதுதான் பதில் சொல்லும், அதனால்தான் கேட்கிறோம்.

விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவரின் நெற்றி விளக்கு மரத்துக்குப் பின்னால் மறைந்து மறைந்து வரும். பக்கத்து ரப்பர் காட்டிலும் ஆள் இல்லை என்று மண்டோர் சொல்லும்வரை தோட்டாவைக் குழலுக்குள் போடாதீர்கள்.