மண்டபத்திலிருந்து: அப்டேட்டுக்கு வழி கிடைத்தது

மண்டபம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய மருந்து அம்மாவுக்குக் கிடைத்தது. தொண்டிக்காரன் உன்னை விசாரித்தான். பரோட்டாக் கணக்கை அவன் இன்னும் மறக்கவில்லை.

இத்தனை நாள் எழுதாதிருந்தவன் இன்று எழுதுகிறேன் என்றால், எங்கள் மீன் கம்பெனிக் கணினிகளுக்கு அப்டேட் வர வழி பிறந்திருக்கிறது என்பதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பதால்.

எங்கள் இணைப்பு முழுவதும் தலைமை அலுவலகத்தின் ப்ராக்ஸி (நம் சார்பில் இணையத்தோடு பேசும் இடைச் சர்வர்) வழியாகவே வெளியே போகும். மற்ற எல்லாவற்றையும் பயர்வால் என்னும் தடுப்பரண் மறித்துவிடும். பிரௌசரில் பக்கங்கள் திறக்கும், விண்டோஸ் அப்டேட் மட்டும் அசையாது. பிரௌசர் பயனரின் ப்ராக்ஸி அமைப்பைப் பார்க்கிறது. அப்டேட் சேவையோ சிஸ்டம் கணக்கில் ஓடுவதால் வின்எச்டிடிபி என்னும் தனி அமைப்பை நம்பியிருக்கிறது. எங்களிடம் உள்ள இன்னொரு இயங்குதளமான உபுண்டுவில் ப்ராக்ஸியை எக்ஸ்போர்ட் கட்டளையால் பதிந்து வைத்தாலும், நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளை போட்டதும் அது உதிர்ந்துவிடும். அங்கே மென்பொருள்களை இறக்கி நிறுவும் ஆப்ட்டின் அமைவுக் கோப்பிலேயே எழுதியாக வேண்டும். இவை நம் கைக்குள் அடங்குபவை. ப்ராக்ஸி எச்டிடிபிஎஸ் என்னும் பூட்டிய போக்குவரத்தைப் பிரித்துப் பார்த்துத் தன் சான்றிதழை நடுவில் நுழைப்பதும், அதை விண்டோஸ் அப்டேட் ஏற்க மறுப்பதும், ஆப்ட்டுக்குத் தெரியாத என்டிஎல்எம் என்னும் விண்டோஸ் முறையில் அடையாளம் கேட்பதும் நம் கைக்கு அப்பாற்பட்டவை.

வெளியிலிருந்து எதையும் இறக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று மேலே இருப்பவர்கள் உறுதியாக நம்பினார்கள். படகுத் தச்சனான ஓடாவியைக் கரைக்கே வரவிடாமல் வேலி போட்டுவிட்டு வள்ளம் ஒழுகாது என்று இருக்க முடியுமா? 2017 மார்ச் 14 அன்றே மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டுவிட்ட ஓட்டை வழியாகத்தான் மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வன்னாக்ரை பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றை முடக்கியது. ஒரு கணினிக்குள் புகுந்துவிட்டால் அது உள் வலையமைப்பிலேயே கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட்டில் அடுத்ததைத் தேடிப் போகும். வாசலில் நிற்கும் பயர்வாலுக்கு அது தெரியவே தெரியாது. எடைக்கணக்கும் மீனவர்களுக்குத் தர வேண்டிய பணமும் இருக்கும் கணினிகளை அந்த நிலையில் விட்டுவைக்க என் மனம் ஒப்பவில்லை.

உபுண்டு அப்டேட் பூட்டில்லாத வெறும் எச்டிடிபியில் வருகிறதே, நடுவில் யாராவது மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வெளியீட்டுக் கோப்பில் கையொப்பம் இருக்கிறது, அதற்குள் பட்டியல்களின் ஹேஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) இருக்கிறது, பட்டியலுக்குள் ஒவ்வொரு பொதியின் ஹேஷும் இருக்கிறது, ஆகவே நடுவில் ஓர் எழுத்து மாறினாலும் ஆப்ட் ஏற்காது என்று எழுதிக் கொடுத்தேன். 2019 ஜனவரியில் ஆப்ட்டிலேயே ஒரு பிழை வெளிப்பட்டு, இடையில் இருப்பவர் ஏமாற்ற முடிந்ததையும் மறைக்காமல் எழுதினேன். அதை அடைத்ததும் ஓர் அப்டேட்தானே! நம் பிழைகளைத் திருத்தும் லேப் அண்ணன் அதைப் படித்திருந்தால் சிவப்பு மையைத் தொட்டிருக்கவே மாட்டார்.

இறுதியில் சம்மதித்தார்கள். ஒரே ஒரு சர்வர் மட்டும், பட்டியலிட்ட முகவரிகளுக்கு மட்டும், சான்றிதழ் குறுக்கீடும் என்டிஎல்எம்மும் இன்றி வெளியே போகலாம். அப்டேட்டுகளை வாங்கி வைத்து விநியோகிக்க, விண்டோஸுக்கு 8530ஆம் போர்ட்டில் டபிள்யூசஸ், உபுண்டுவுக்கு 3142ஆம் போர்ட்டில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி. மற்ற கணினிகள் எல்லாம் அதனிடம் வாங்கிக்கொள்ளும். ஒரு கோப்பு ஒருமுறைதான் வெளியிலிருந்து வரும் என்பதால் எங்கள் மெலிந்த இணைப்புக்கும் நிம்மதி. படகுகள் கரை சேர்ந்து ஏலமும் எடையும் நடக்கும் நேரத்தில் எந்தக் கணினியும் ரீஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். பெரிய வேலைகளை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்துக்கு ஒதுக்கிவிட்டேன். விசைப்படகுகள் ஓய்ந்திருக்கையில் எங்களுக்கும் சற்று மூச்சு விட முடியும்.

இனி உன் யோசனை வேண்டும். எடை மேடையில் உள்ளவை விண்டோஸ் 10. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கணினிகள் என்பதால் 11க்கும் போக முடியாது. வழியைத் திறந்து வைத்தும் இவற்றுக்கு வர வேண்டியது வராது. தராசிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடை வாங்கும் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடுகிறது. அதை உபுண்டுவில், விண்டோஸ் மென்பொருளை ஓட்ட உதவும் ஒயின் கொண்டு நீ எங்காவது ஓட்டிப் பார்த்திருக்கிறாயா, அல்லது பணம் கட்டி ஆதரவு நீட்டிப்பு வாங்குவதுதான் வழியா? வரும் தடைக்காலத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், விரைவில் எழுது.

அன்புடன்,
உன் மண்டபத்தான்