பிடியரிசி போட்ட கைகளின் பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லை, தூத்துக்குடி மாவட்டத் திருச்சபைகளின் வரலாறு குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாளையங்கோட்டையில் ஆலயம் எழுப்பி, 1785இல் அதன் பிரதிஷ்டையையும் கண்ட, பிராமண விதவையாயிருந்து கிறிஸ்தவரான குளோரிந்தா தொடங்கி, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக உயர்ந்த வெள்ளாளன்விளை அசரியா வரை கட்டுரையாளர் விரிவாக எழுதியிருந்தார். எழுதியதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. விட்டுப்போனவர்களைப் பற்றியே இந்தக் கடிதம்.

சென்ற மாதம் எங்கள் அம்மா தமது 92ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நாசரேத்துக்கும் ஏரலுக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எந்தச் சங்கத்திலும் பொறுப்பு வகித்ததில்லை, எந்த மேடையிலும் பேசியதில்லை. ஆறு பிள்ளைகளைப் பெற்று ஐவரை வளர்த்தார். பேரன் பேத்திகளுக்கு எழுத்தறியும் முன்பே இருபத்துமூன்றாம் சங்கீதத்தைச் சொல்லிக்கொடுத்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் உறவினர் இல்லை. ஒவ்வொருவரும் அம்மா தமக்குச் செய்த ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவற்றில் பல, பெற்ற பிள்ளைகளான எங்களுக்கே புதிய செய்திகள்.

எங்கள் அப்பா பனையேறி. பருவ காலத்தில் நாளொன்றுக்கு முப்பது நாற்பது பனை, காலையும் மாலையும். அவர் இறக்கிக்கொண்டுவரும் பதனீரை வடிகட்டிக் காய்ச்சுவது அம்மாவின் வேலை. பதனீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குள், காய்ந்த ஓலையையும் மட்டையையும் அடுப்பில் தள்ளித் தள்ளித் தீயை ஒரே சீராக வைத்திருப்பார். பதனீர் நுரைத்துப் பொங்கி விளிம்பைத் தொடும் நேரத்தில், இடித்து வைத்திருக்கும் கொட்டைமுத்தில் (ஆமணக்கு விதையில்) ஒரு சிட்டிகை எடுத்துத் தூவுவார். பொங்கியது அப்படியே அடங்கும். பாகு இறுகி வரும்போது ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்து, வரிசையாகப் பரப்பிய சிரட்டைகளில் ஊற்றுவார். இத்தனை வேலைக்கும் நடுவில் அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். என்ன சொல்கிறார் என்று சிறுவயதில் எங்களுக்குப் புரிந்ததில்லை. பனையிலிருந்து தவறி விழுந்தவர்கள் ஊரில் தெருவுக்கு ஒருவராவது உண்டு. அப்பா கடைசிப் பனையை முடித்து விடிலி வாசலில் கலயத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டதும் "ஸ்தோத்திரம்" என்று மெல்லச் சொல்லி நிறுத்துவார். அதுவரைக்கும் நடந்தது ஜெபம் என்பதை வளர்ந்த பிறகே நாங்கள் விளங்கிக்கொண்டோம்.

எங்கள் பகுதியில் பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்ததைத் தங்கள் வாசகர்கள் பலர் அறிந்திருப்பார்கள். உலை வைக்கும்போது, அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை ஆலயத்துக்கென்று தனிப் பானையில் போடுவார்கள். அம்மா அளந்தது உழக்கில். வீட்டில் அரிசி தாராளமாக இருந்த காலம் அது அன்று. பருவம் முடிந்து பனை ஓய்ந்த மாதங்களில் பல இரவுகள் கஞ்சிதான். அந்தக் கஞ்சிக்கு எடுத்த அரிசியிலிருந்தும் ஒரு பிடி மூலைப் பானைக்குப் போகும். பிடி சற்றுச் சிறுத்திருக்கும், அவ்வளவுதான். நமக்கே போதவில்லையே என்று ஒருநாள் நான் கேட்டேன். நமக்கே போதவில்லை என்றால் வேறு யாருக்கோ ஒன்றுமே இல்லாமல் இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி துணியில் முடியப்பட்டு ஆலயத்துக்குப் போகும்.

1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், அயல்நாட்டுப் பணத்தை எதிர்பாராமல் நம் மக்களின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பியது என்று தங்கள் கட்டுரை பெருமையோடு குறிப்பிடுகிறது. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அந்தக் காணிக்கை எங்கிருந்து வந்தது? சம்பளக்காரர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த ஊர்களில் காணிக்கை என்பது அரிசி, முட்டை, கருப்பட்டி, முருங்கைக்காய். அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடப்பட்ட முதற்பலன்களில் பெரும்பகுதி பெண்கள் வளர்த்ததும் காய்ச்சியதும்தான். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதே போலக் கைப்பிடி அரிசி ஒதுக்கி வருகிறார்கள். அங்கே அதைச் சபையின் வருவாயில் தனி இனமாகக் கணக்கெழுதி வெளியிடுகிறார்கள். நம் ஊர்களில் அது 'இதர வரவு' என்ற ஒற்றை வரிக்குள் போய்விட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சபையின் ஆண்டுவிழா மலரைப் புரட்டிப் பார்த்தேன். குருவானவர்கள், உபதேசியார்கள், கட்டடக் குழுவினர், மணி வாங்கிக் கொடுத்தவர், மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் என எல்லாருக்கும் படத்தோடு இடம் இருந்தது. பெண்கள் வந்த இடங்களில் பெரும்பாலும் 'அன்னாரின் துணைவியார்' என்று இருந்தது, பெயர்கூட இல்லை. மிஷனெரிகளின் வீட்டுப் பெண்களை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இடையன்குடியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த எலைசா கால்டுவெல் அம்மையாரை எல்லாரும் அறிவோம், அறியத்தான் வேண்டும். குப்பி விளக்கின் வெளிச்சத்தில் கண் வலிக்க வலிக்க அந்த லேஸைப் பின்னிய பெண்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

இத்தனைக்கும் வேதம் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கவனமாக இருக்கிறது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், அவருடைய விசுவாசத்தைப் பேசத் தொடங்கியதுமே லோவிசாள் என்ற பாட்டியையும் ஐனிக்கேயாள் என்ற தாயையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அந்த விசுவாசம் முந்தி அவர்களிடம் இருந்தது என்கிறார். இந்த வசனத்தை அன்னையர் ஞாயிறு தோறும் வாசிக்கிறோம். வாசித்துவிட்டு, நம் சொந்த லோவிசாள்களைத் 'துணைவியார்' என்று அச்சடிக்கிறோம்.

அம்மாவின் விசுவாசத்தை எளிதான ஒன்றாக யாரும் எண்ணிவிடக் கூடாது. எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி காய்ச்சல் கண்டு மூன்றாம் வயதில் இறந்துபோனான். அடுத்த ஞாயிறு அம்மா வழக்கமான இடத்தில் பாயில் போய் உட்கார்ந்தார். பாட்டுப் பாடவில்லை. பல மாதம் பாடவில்லை. ஊரில் சிலர் அதைக் குறையாகப் பேசினார்கள். உபதேசியார் வந்து ஆறுதல் சொன்னபோது, "கர்த்தருக்கும் எனக்கும் பேச்சு இருக்கிறது, நான் பேசிக்கொள்கிறேன்" என்ற பொருளில் பதில் சொல்லி அனுப்பியதாக அத்தை சொல்லக் கேட்டிருக்கிறேன். குடும்ப வேதாகமத்தின் பின்பக்கத் தாளில் எங்கள் எல்லாருடைய பிறப்பும் ஞானஸ்நானமும் அம்மாவின் கோணலான எழுத்தில் இருக்கின்றன. தம்பியின் பெயருக்கு எதிரே இறந்த தேதியை மட்டும் அவர் எழுதவில்லை. அந்த இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது. ஆனால் அந்த மாதங்களிலும் இரவு ஜெபம் ஒருநாள்கூட நின்றதில்லை. பாடாமல், எங்களைப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார். சந்தேகமே எழாத விசுவாசத்தைவிட இது பெரிது என்பது என் எண்ணம்.

2023 டிசம்பரில் தாமிரவருணிக் கரையோர ஊர்கள் பட்ட பாட்டை நாடே அறியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. ஏரல் துண்டிக்கப்பட்டது. எங்கள் வீடு சற்று மேட்டில் இருந்ததால் தண்ணீர் திண்ணையோடு நின்றது. தாழ்வான தெருக்களிலிருந்து குழந்தைகளோடு வந்தவர்கள் எங்கள் வீட்டிலும் ஆலயத்திலும் தங்கினார்கள். அந்த வயதிலும் அம்மா பிடியரிசிப் பானையை விட்டிருக்கவில்லை. அந்த வழக்கம் ஊரில் அநேகமாக மறைந்த பிறகும், ரேஷன் அரிசியில் ஒரு பிடி போட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்று அந்தப் பானையைத் தானே இழுத்துக்கொண்டு வந்து, உலை வைக்கச் சொன்னார். இது கோவிலுக்கு உரியதாயிற்றே என்று மருமகள் தயங்கினாள். கோவில்காரர் பசியோடு வாசலில் நிற்கும்போது எதற்குக் கோவிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அம்மா கேட்டாராம். வந்தவர்களில் அம்மன் கோவில் தெருக்காரர்களும் இருந்தார்கள். யாருக்கும் முதல் பந்தி, இரண்டாம் பந்தி இல்லை.

அம்மாவைப் போன்றவர்களைப் புனிதப் படமாக்கி மாலை போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருக்குக் கோபம் வரும், பிடிவாதம் உண்டு. பெண்கள் சபைக் கமிட்டியில் உட்காருவதைப் பற்றி அவருக்கும் எனக்கும் கடைசிவரை ஒத்துப்போனதே இல்லை. அது ஆண்கள் வேலை என்பார். வேலை முழுவதும் உங்களுடையது, முடிவு மட்டும் அவர்களுடையதா என்று நான் கேட்பேன். இதில் அம்மா சொன்னதே சரி என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அவரது பணிவைக் காட்டிக்காட்டியே அவருடைய பெயரை ஏட்டில் எழுதாமல் விட்டதற்கு நியாயம் தேடக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இதழில் மாதம் ஒரு பக்கத்தை இந்தப் பெண்களுக்கு ஒதுக்குங்கள். எந்த மதத்துக் குடும்பமானாலும் சரி, அடுப்படியில் நின்றபடியே விசுவாசத்தைக் காத்த பாட்டிமாரைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். அவர்கள் பாடிய பாட்டு, வைத்த காணிக்கை, பசிக்கு வந்தவருக்குப் போட்ட சோறு, வேதாகமத்தின் பின்பக்கத்தில் எழுதியதும் எழுதாமல் விட்டதும் எல்லாம் வரட்டும். சபைகளில் பழைய காணிக்கைப் பதிவேடுகளை வைத்திருப்பவர்கள் அவற்றை எடைக்குப் போட்டுவிடாமல் பிடியரிசிக் கணக்கு இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். எண்பது கடந்த பெண்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மதிய நேரத்தில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் நிறையச் சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் அவர்களுடைய பெயரை முழுப் பெயராகவே, கணவர் பெயருக்கு முன்னால் அச்சிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.