குக்கர் இருக்கட்டும், பெயர்ச்சீட்டு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மனிக்குக் கிளம்பும் நம் பிள்ளைகள் குக்கர், இட்லித் தட்டு, சாம்பார்ப் பொடி என்று பெட்டியை நிரப்புகிறார்கள். மியூனிக்கில் குடும்பம் நடத்துகிறவள் சொல்கிறேன், பொடி இங்கேயே கிடைக்கும். முதல் வேலை முகவரிப் பதிவு. குடிபுகுந்த 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று கட்டாயம். அதைத் தர இழுத்தடிப்பவர் வீட்டுக்குக் குடிபோகவே வேண்டாம்.

பதிந்த பிறகுதான் வரி எண் வரும், அதுவும் தபாலில். அடுக்ககங்களில் பெரும்பாலும் கதவு எண் இராது. தபால் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். எங்கள் பெட்டியில் பழைய குடித்தனக்காரர் பெயரே இருந்ததால் வங்கி அட்டை வந்த வழியே போய்விட்டது. கீழ்வீட்டுப் பாட்டிதான் துண்டுச் சீட்டில் என் கணவர் பெயரை எழுதி, டேப் போட்டு ஒட்டினார். எனக்கோ கடைசிப் பெயர் அப்பா பெயர். ஆக, என் கடிதங்கள் அப்போதும் வரவில்லை! நம் வீடுகளில் ஆளுக்கொரு கடைசிப் பெயர்; அத்தனையையும் ஒட்டுங்கள்.

ஞாயிறன்று கடைகள் திறக்காது. பால், தயிர் சனிக்கிழமை இரவு எட்டுக்குள். தண்ணீர் பாட்டிலை வீசாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் 25 சென்ட் கிடைக்கும்.

– ஒரு வாசகி, மியூனிக்